பசியோடு மார்க் போடாதவர்

முதல் தாளைத் தொடுமுன் தராசு அக்கா ஒரு பிஸ்கட்டைக் கடித்து, தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொள்கிறார். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் குறிப்புத் தாள்களை மொழிபெயர்க்கும் அலுவலகம் அது. வந்து சேரும் மொழிபெயர்ப்புக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுவது அக்காவின் வேலை. பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். "வெறும் வயித்தோட உக்காந்தா எல்லாரும் ஃபெயிலு. வயிறு முட்டச் சாப்பிட்டு உக்காந்தா எல்லாரும் பாஸு. ரெண்டுமே பாவம்" என்பார்.

மொழிபெயர்த்தவர் பெயர் கண்ணில் பட்டுவிட்டால் போச்சு. அதனால் பெயர் இருக்கும் மூலையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே படிப்பார். பிரமாதமான தாளுக்கு அடுத்து வரும் சுமாரான தாள் மட்டமாகத் தெரியுமாம். நடுவே எழுந்து ஜன்னல் வரை நடந்துவிட்டு வருவார்.

வீட்டில் சமையல் கணவருடையது. "நேத்து பிரமாதம்னே, இன்னைக்கு உப்பு கம்மிங்கிறே. அதே கை, அதே உப்பு. உன் நாக்கைத்தான் சோதிக்கணும்" என்றார் ஒருநாள். அக்காவுக்குச் சுருக்கென்றது.

அலுவலகத்துக்கும் அதே சந்தேகம் வந்துவிட்டது. "நீங்க முன்னாடி மார்க் போட்ட தாள் ஒண்ணைப் புதுசோட கலந்து வைப்போம். ரெண்டு மார்க்கும் ஒத்து வரலேன்னா, கீழ கவர் ஒட்டுற இடத்துக்கு மாத்த வேண்டியிருக்கும். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் மேலாளர். இந்த நாற்காலியை விட்டால் அக்காவுக்கு வேறு உலகம் கிடையாது. அன்று பிஸ்கட்டைப் பாதியிலேயே வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அந்தத் தாள் வந்தது. இருமல் மருந்துக் குறிப்பு. முதல் வரியிலேயே அடையாளம் தெரிந்துவிட்டது. தடங்கலில்லாமல் ஓடும் நடை. போன வருடம் தொண்ணூறு போட்டுவிட்டு, "இது தாள் இல்ல, தேன்" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் பீற்றிக்கொண்டதுகூட ஞாபகம் இருந்தது. அக்காவின் பேனா தானாகவே தொண்ணூறு போடக் குனிந்தது.

ஆனாலும் பழக்கதோஷம் விடவில்லை. மூலத்தை எடுத்து வரிக்கு வரி ஒப்பிட்டார். "இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது" என்று மூலத்தில் ஒரு வரி இருந்தது. மொழிபெயர்ப்பில் அந்த வரியே இல்லை. நடையழகில் சொக்கிப்போய் அன்றைக்குக் கோட்டை விட்டிருக்கிறார். இந்தத் தாள் இந்நேரம் எத்தனை வீட்டு அலமாரியில் கிடக்கிறதோ!

"என்னக்கா, இப்படி வேர்க்குது?" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

"இது பழைய தாளு. அன்னைக்குத் தொண்ணூறு போட்டேன். ஒரு வரியே விட்டுப்போயிருக்கு, நான் பாக்கல."

"அதையே போட்டுட்டுப் பேசாம இருங்கக்கா. ஒத்து வந்துடும்."

"ஒத்து வரும். தப்போட தப்பு நல்லாவே ஒத்து வரும்" என்றார் அக்கா.

சைபர் என்று எழுதினார். தாளையும் மூலத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு நேராக மேலாளர் அறைக்கு நடந்தார். கதவைத் தட்டவில்லை, திறந்துகொண்டு உள்ளே போனார்.