டப்பா காலியாக வந்தால் குடும்பம் உடையுமா?

போன வாரம் கொச்சி இடப்பள்ளியில் ஒரு வெப் சீரிஸ் கம்பெனிக்குக் கதை சொல்லப் போயிருந்தேன். எதிரே ஓர் இளைஞர். கதை இலாகாவுக்குத் தலைவராம். கல்யாணம் ஆகவில்லை, தனி ஃபிளாட், சாப்பாடு ஆப்பில் வருகிறது. ஆகவே குடும்பக் கதையில் நிபுணர்.

“கூட்டுக் குடும்பம் உடையணும் சார். காரணம் வெயிட்டா இருக்கணும்.”

சொன்னேன். கீழே அண்ணன் குடும்பம், மாடியில் தம்பி குடும்பம். தம்பி மனைவி கீழ் வீட்டுக்கு ஒரு டப்பாவில் மாம்பழப் புளிசேரி, அதாவது மாம்பழம் போட்ட மோர்க்குழம்பு, கொடுத்தனுப்புகிறாள். டப்பா திரும்பி வருகிறது... காலியாக.

“அப்புறம்?”

“அவ்வளவுதான். உடைஞ்சுடுச்சு.”

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “சார்... சொத்துத் தகராறு? கள்ளக்காதல்? அட்லீஸ்ட் பாயசத்துல விஷம்?”

இவருக்கு எப்படிப் புரியவைப்பது? பண்டம் வந்த டப்பாவை எங்கள் வீடுகளில் காலியாகத் திருப்ப மாட்டார்கள். ஒன்றுமில்லை என்றாலும் ஒரு பிடி சர்க்கரை போட்டுத்தான் தருவார்கள். கழுவித் துடைத்த வெறும் டப்பா வந்தால், உன் சங்காத்தமே வேண்டாம் என்று அர்த்தம். அதற்கு விஷமே தேவலை. அதையாவது ஏதாவது பண்டத்தில் கலந்துதானே தருவார்கள்?

நான் சொன்னது கதையே இல்லை. மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் அப்போது நடந்துகொண்டிருந்த யுத்தம். மாடியில் நானும் மனைவியும், கீழே அண்ணாவும் மன்னியும். டப்பா காலியாக வந்த நாளிலிருந்து பெண்கள் இருவருக்கும் பேச்சில்லை.

“மன்னிக்கு நாம வேண்டாம்னா நான் இங்க இருக்க மாட்டேன், கேட்டேளா? இடப்பள்ளியில ஒரு ஃபிளாட் நோக்குங்கோ” என்று மனைவி சொல்லிவிட்டாள். அண்ணாவும் நானும் பிறந்து வளர்ந்த வீடு. எப்படி விட்டுப் போவது?

சாயாக்கடையில் அண்ணாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கிளாஸைக் கீழே வைத்தார்.

“டேய்... உங்க மன்னி அதுல சர்க்கரை உப்பேரி போட்டுத்தான் தந்து விட்டா. மாடிப்படி ஏறச்சே... நான் தின்னுட்டேன்.”

அண்ணாவுக்கு ஷுகர். சுக்குப் போட்ட வெல்லப்பாகில் புரட்டிய நேந்திரங்காய்த் துண்டைக் கண்ணால் பார்க்கக்கூட மன்னி விடமாட்டாள். அதனால் மனிதர் தடயமே இல்லாமல் டப்பாவை வாசல் குழாயில் கழுவி, வேட்டியால் துடைத்து, எங்கள் வாசலில் வைத்திருக்கிறார்.

“மன்னிகிட்ட சொல்லிடுங்கோ அண்ணா.”

“பறஞ்சா அவ என்னைக் கொன்னுடுவாடா!”

“அப்போ நாங்க வீட்டை விட்டுப் போகணுமா?”

மீதிச் சாயாவைக் குடித்து முடித்தார். “ஃபிளாட்டு மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துலயா நோக்கு. ஞாயிறாழ்ச்ச தோறும் வந்துடறேன்.”

ரத்தபாசம் ரத்தபாசம் என்று எத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன்! எரிச்சலில் நேரே மன்னியிடம் போய்ப் போட்டு உடைத்துவிட்டேன். அவள் அசரவே இல்லை.

“எனக்கு அன்னிக்கே மனசிலாச்சு. வாயெல்லாம் சுக்கு மணம், வேட்டியெல்லாம் வெல்லம்.”

“தெரிஞ்சுண்டேவா? அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மன்னி!”

“என்னத்துக்குச் சொல்லணும்? நான் காலி டப்பா தருவேன்னு அவ நெனச்சாளே! இறங்கி வந்து, ‘ஏன் மன்னி இப்படி?’ன்னு கேக்கப்படாதோ? கேக்கட்டும்னு இருந்தேன்.” முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இதுதான் சார் குடும்பம்! திருடன் பிடிபட்ட பிறகும் வழக்கு நடக்கும். குடும்பக் கதை எழுத வருகிறவர்கள் வில்லன் எங்கே, விஷம் எங்கே என்று அலைகிறார்கள். இவள் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும்... அவள் சொல்லியிருந்தாலும் தீர்ந்திருக்கும். ஆனால் யார் முதலில்? அதை மட்டும் ஒழுங்காக எழுதுங்கள், பத்து சீசன் ஓடும்.

“அவ வந்து கேட்டா, இப்பத்தான் தெரிஞ்ச மாதிரி இருங்கோ” என்று மன்னியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். மாடிக்குப் போய் மனைவியிடம் அண்ணாவின் திருட்டை மட்டும் சொன்னேன். மன்னிக்கு முன்பே தெரியும் என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே வாசலில் லாரி நிற்கும்.

“ஐயோ பாவம், மன்னியைப் போய் சந்தேகப்பட்டேனே!” மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே ஓடினாள். சற்று நேரத்தில், “ஐயோ... இந்த மனுஷனா!” என்று மன்னி அலறியது மாடி வரை கேட்டது. என்ன நடிப்பு! பிறகு இருவரும் சேர்ந்து அண்ணாவை வறுத்தெடுத்தார்கள். ஃபிளாட் பேச்சு அன்றோடு நின்றது.

இதையெல்லாம் பத்திரிகைப் பத்தியில் எழுதுகிறாயே, மாட்டிக்கொள்ள மாட்டாயா என்கிறீர்களா? என் மனைவி படித்தது மலையாளம் மீடியம். தமிழில் பேசுவாள், அழுவாள், சண்டை போடுவாள்... படிக்க மட்டும் வராது. எங்கள் குடும்பம் உடையாமல் இருப்பது அந்த ஒரே காரணத்தால்தான்!