மைக் அண்ணனும் கடிகாரப் பேட்டரியும்

என் வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் மைக். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், எந்தக் குழந்தை அம்மாவைக் காணாமல் அழுகிறது, எல்லாம் அவர் வாயால்தான் ஊருக்குத் தெரியும். கனத்த குரல். கல்யாணம் பேச வந்த அன்றைக்கு நான் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா" என்று கேட்டாரே, அதிலேயே விழுந்துவிட்டேன்.

வீட்டிலும் அதே கூத்துதான். நான் ஹாலில் தையல் மெஷினில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருப்பேன். அடுப்படியிலிருந்து குரல் வரும்: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு! அடுப்படியிலிருந்து தையல் மெஷின் வரை செல்லும் டீ, இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்!" பக்கத்து வீட்டில் சிரிப்பார்கள். "வாய மூடுங்க, மானம் போகுது" என்பேன். என் நாக்கில் சனி குடியிருந்திருக்கிறது. ஒரு நாள் அந்த வாய் நிஜமாகவே மூடிக்கொண்டது.

தொண்டையில் கட்டி. அறுவை சிகிச்சை செய்து உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், அதற்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் கட்டியோடு குரலும் போய்விட்டது. மிச்சமிருந்தது பழைய தகரத்தைச் சிமென்ட் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு கரகரப்பு. எனக்கு அது போதும். ஆள் இருக்கிறாரே, குரல் எப்படி இருந்தால் என்ன?

அவருக்குப் போதவில்லை. விடுப்பு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், பழைய ஆசையில் மைக்கைப் பிடித்து ஒரே ஒரு அறிவிப்புச் செய்தார். பாதியிலேயே கூட்டத்தில் எவனோ ஒருத்தன், "யோவ், அந்த மைக்க மாத்துங்கய்யா!" என்று கத்தினான். பாவம், அவன் கருவி கெட்டுப்போச்சு என்றுதான் நினைத்திருப்பான். இவர் மைக்கை அணைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். பார்சல் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். அதோடு பேச்சு நின்றது.

என்னிடம்கூடப் பேசுவதில்லை. மேசையில் ஒரு தட்டு தட்டினால் டீ. ரெண்டு தட்டு தட்டினால் சாப்பாடு. பெரிய விஷயமென்றால் போனில் எழுதிக் காட்டுவார். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போன் செய்தால் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே மேசையைத் தட்டுவார். "அப்பா, தட்டினது போதும், ஒரு வார்த்தை பேசுப்பா" என்று அவள் கெஞ்சுவாள். இவர் எழுந்து மாடிக்குப் போய்விடுவார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இப்படியே இன்னும் கொஞ்ச நாள் வாய மூடிட்டு இருந்தார்னா, அந்தத் தசை வேலையவே மறந்துடும்மா. அப்புறம் அவரே ஆசைப்பட்டாலும் பேச்சு வராது. பழைய குரல் வருமான்னு கேக்காதீங்க, வராது. ஆனா இப்ப பேச ஆரம்பிச்சா, இருக்கிற பேச்சாவது நிலைக்கும்."

நான் சண்டை போட்டேன். அழுதேன். உப்பே போடாமல் குழம்பு வைத்தேன், திட்டவாவது வாயைத் திறப்பாரென்று. மனுஷன் ரெண்டு தட்டு தட்டி இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்!

மகள் விட்டுப்போன கம்ப்யூட்டர் ஒன்று ஹாலில் சும்மா கிடந்தது. அதில்தான் இவர் விமானம் ஓட்ட ஆரம்பித்தார். விளையாட்டுத்தான், ஆனால் விளையாட்டென்று சொன்னால் கோபம் வரும். இன்டர்நெட்டில் சேர்ந்துகொண்டால், வானத்தில் தெரியும் ஒவ்வொரு விமானத்தையும் எங்கோ ஒரு வீட்டில் ஒருத்தர் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருப்பார். "இறங்கு, ஏறு, திரும்பு" என்று வழி சொல்கிற கண்ட்ரோலரும் நம்மைப் போல வீட்டில் இருக்கிற ஆள்தான். எல்லாரும் ரேடியோவில் பேசிக்கொள்ள வேண்டும். பேச முடியாதவர்கள் எழுதி அனுப்பலாம் என்று ஒரு சலுகை உண்டு. அது போதாதா இவருக்கு? எழுத்துக்காரராகச் சேர்ந்துகொண்டார்.

ரேடியோப் பேச்சு இங்கிலீஷ்தான். ஆனால் அதே வார்த்தைகள்தான் சுற்றிச் சுற்றி வரும், எதிரே உட்கார்ந்து தைத்துத் தைத்து எனக்கும் அத்துப்படி ஆகிவிட்டது. அதற்கென்று ஒரு மரியாதை இருக்கிறது பாருங்கள், நம் சொந்தக்காரர்கள் எல்லாரையும் கொண்டுபோய் அதில் உட்கார வைக்கலாம். முதலில் காது கொடுக்க வேண்டும். ஒருத்தர் பேசி, அவருக்குப் பதில் வந்து முடியும் வரை பேசுகிற பொத்தானைத் தொடக்கூடாது. ரெண்டு பேர் ஒன்றாக அமுக்கினால் 'கீச்' என்று ஒரு சத்தம், ரெண்டு பேர் பேச்சும் போச்சு. நான் யார், எங்கே இருக்கிறேன், என்ன வேண்டும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். குசலம் விசாரிப்பதெல்லாம் கூடாது. சொன்ன திசையையும் உயரத்தையும் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், அப்போதுதான் சரியாகக் காதில் விழுந்தது என்று அர்த்தம். விழவில்லையென்றால் 'மறுபடி சொல்லுங்க' என்று கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். 'பொறு' என்று சொல்லிவிட்டாலோ, 'சரி பொறுக்கிறேன்' என்றுகூடப் பதில் சொல்லக்கூடாது. என் நாத்தனாருக்கு மட்டும் இந்தச் சட்டம் தெரிந்திருந்தால் எங்கள் குடும்பம் எப்போதோ உருப்பட்டிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரிய நிகழ்ச்சி வந்தது. நூற்றுக்கணக்கான பேர் ஒரே விமான நிலையத்தில் போய் இறங்க வேண்டும். அதற்கு இவர் செய்த ஏற்பாட்டை மகள் கல்யாணத்துக்குக்கூடச் செய்யவில்லை. விமான நிலையத்தின் வரைபடத்தை அச்செடுத்து என் நூல் பெட்டி மேல் ஒட்டினார். வானத்தில் வரிசையில் சுற்ற விடுவார்கள் என்று எரிபொருளைக் கூடுதலாகப் போடக் கணக்குப் பார்த்தார். இறங்கியதும் எந்த வழியாகப் போய் எங்கே நிறுத்துவது என்று விரலால் ஓட்டி ஓட்டிப் பார்த்தார். காதில் மாட்டுகிற ஹெட்செட்டின் மைக்கை விரலால் தட்டி, திரையில் பச்சை விளக்கு ஆடுகிறதா என்று சோதித்தார்.

"பேசாத மனுஷனுக்கு மைக் எதுக்காம்?" என்றேன்.

போனில் எழுதிக் காட்டினார்: 'மைக்கைச் சோதிக்காமல் சீட்டில் உட்காரக் கூடாது. தொழில்.'

உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டினேன்.

ஒத்திகைக்கு நான்தான் கண்ட்ரோலர். இவர் விமானத்தின் எண் எழுநூற்று இருபத்து நாலு. "எழுநூத்தி இருபத்தி நாலு, இடது பக்கம் திரும்புங்க, மூவாயிரம் அடிக்கு இறங்குங்க, அப்படியே அடுப்புல பால் பொங்குதான்னு பாருங்க" என்பேன். மூன்றையும் அட்சரம் பிசகாமல் எழுதிக் காட்டிவிட்டு எழுந்துபோய்ப் பாலை இறக்கி வைப்பார். சிரிக்கவும் செய்தார், சத்தமில்லாமல்.

அந்த ஞாயிறு வந்தது. கண்ட்ரோலராக ஒரு பெண்பிள்ளை. என் மகள் வயசு இருக்கும். மூச்சு விட நேரமில்லை அவளுக்கு, ஆனாலும் யாரிடமும் எரிந்து விழவில்லை. மணிமணியாகப் பேசுகிறவர்களையே, "மறுபடி சொல்லுங்க" என்று கேட்டாள். அவர்களும் மறுபடி சொன்னார்கள். இவர் வரிசையில் சேர்ந்து, சொன்னதற்கெல்லாம் எழுதிப் பதில் அனுப்பிக்கொண்டு அழகாகக் கீழே இறங்கி வந்தார். நான் மெஷினை நிறுத்திவிட்டுப் பின்னால் வந்து நின்றேன்.

"எழுநூத்தி இருபத்தி நாலு, இடது பக்கம் திரும்பி, திசை இருநூத்திப் பத்து, மூவாயிரம் அடிக்கு இறங்குங்க."

இவர் தட்டினார். திரையில் எழுத்து விழவில்லை. மறுபடி தட்டினார். கீபோர்டைத் தூக்கி உதறினார், திருப்பிப் பார்த்தார். எல்லாவற்றையும் சோதித்தவர் அந்த வயரில்லாத கீபோர்டுக்குள் கிடந்த பென்சில் பேட்டரியைச் சோதிக்கவில்லை! என்னைப் பார்த்து, விரலால் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். அதிலும் அதே பேட்டரிதான்.

ஓடினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கடிகாரத்தைத் திருப்பிப் பேட்டரியைப் பிடுங்கினேன்.

"எழுநூத்தி இருபத்தி நாலு, கேக்குதா? இடது பக்கம் இருநூத்திப் பத்து."

பேட்டரி என் கையில் இருக்கிறது. அவர் திரையை விட்டுத் திரும்பாமலே கையைப் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறார். இறங்கி ரெண்டு எட்டு வைத்தால் கொடுத்துவிடலாம். டாக்டரம்மா சொன்னது என் காதில் ஓடியது. இன்னும் கொஞ்ச நாள் என்றாரே, அந்தக் கொஞ்ச நாளும் கரைந்துகொண்டிருக்கிறதே! விமானத்தைத் திருப்புகிற ஜாய்ஸ்டிக் பிடியில், பேசுகிற பொத்தான் அவர் கட்டைவிரலுக்கு அடியில்தான் இருக்கிறது. இத்தனை நாளில் ஒரு தரம்கூட அதை அவர் அமுக்கியதில்லை.

நான் கையை மூடிக்கொண்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். நான் மூடிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நாற்காலி மேலேயே நின்றேன். "பேசுங்க" என்றேன். சத்தம் வெளியே வந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

அப்படிப் பார்த்தாரே ஒரு பார்வை, அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். பாவி, நீயுமா என்கிற மாதிரி. கொடுத்துவிடலாம் என்று ஒரு காலைக் கீழே இறக்கப் போனேன்.

அதற்குள் கண்ட்ரோலர் பெண் பின்னால் வருகிறவரிடம் பேசினாள். "முன்னாடி போறவர்கிட்டயிருந்து பதில் இல்ல. நீங்க ஒரு சுத்து சுத்தி வாங்க." அவருக்குப் பின்னால் வந்தவருக்கும் அதேதான். ஒவ்வொருவராக வரிசையை விட்டு விலகிப்போனார்கள்.

அங்கேதான் என் மனுஷனின் முதுகு நிமிர்ந்தது. பேருந்து நிலையத்தில் எவனாவது வழியில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால், மைக்கிலேயே அவன் மானத்தை வாங்குகிறவர் இவர். இன்றைக்கு வழியை மறித்துக்கொண்டு நிற்கிற வண்டி இவருடையது. அவமானத்தைப் பொறுத்துக்கொள்வார், அடுத்தவனைக் காக்க வைப்பதைப் பொறுக்கவே மாட்டார்.

கட்டைவிரல் பொத்தானை அமுக்கியது.

"இடது... இருநூத்திப் பத்து... மூவாயிரம்... எழுநூத்தி இருபத்தி நாலு."

தகரம் இழுபடுகிற அதே சத்தம். யாராவது சிரித்தால், யாராவது மைக்கை மாற்றச் சொன்னால் என்ன செய்வேன்?

"எழுநூத்தி இருபத்தி நாலு, மறுபடி சொல்லுங்க."

எல்லாரிடமும் கேட்ட அதே குரலில் கேட்டாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இவர் மூச்சை இழுத்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி மறுபடி சொன்னார்.

"சரி" என்றாள். உடனே அடுத்த விமானத்தைக் கூப்பிட்டாள். அவ்வளவுதான். அவளுக்கு வேலை கிடந்தது, இவர் குரலை நினைத்து உட்கார நேரமில்லை. யார் பெற்ற பிள்ளையோ, நல்லாயிருக்கட்டும்.

அதற்கப்புறம் அவள் கூப்பிட்ட போதெல்லாம் இவர் வாயால்தான் பதில் சொன்னார். சக்கரம் தரையில் பட்டது. விரலால் ஓட்டிப் பார்த்து வைத்திருந்த அதே வழியாகப் போய், அதே இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் நாற்காலியிலிருந்து இறங்கவேயில்லை, பயத்தில். அழுகை வேறு வந்து கண்ணை மறைத்தது.

அவர் எழுந்து நின்றார். நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்தார். மூடியிருந்த என் கையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"பயணிகளின்... கனிவான... கவனத்திற்கு" என்றார். "பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு... நாற்காலி மேல் நிற்கும் பெண்மணி... அதைக் கடிகாரத்தில் போட்டுவிட்டு... உடனே கீழே இறங்கவும்."

ஒரு வார்த்தை விடாமல் காதில் விழுந்தது. ஆனாலும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கேக்கல, மறுபடி சொல்லுங்க" என்றேன்.

மறுபடி சொன்னார்.