கறுப்புக் கட்டையில் ஒரு ச

வெல்டருக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார். முகமூடியை இறக்கிவிட்டு வேலையைப் பார்ப்பார். அப்படி ஒரு வருஷம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

காரணம், போன வருஷத்து ஆண்டு விழா. தொழிற்சாலை ஆட்களும் குடும்பங்களும் கூடியிருந்த மண்டபத்தில், ஒரு சினிமாவின் தீம் இசையைக் கீபோர்டில் வாசிக்க மேடை ஏறினார். வீட்டில் ஒரு சின்னக் கீபோர்டு வாங்கி, கட்டைக்குக் கட்டை எண் எழுதி ஒட்டி, மூன்று மாதம் மனப்பாடம் செய்த தீம். மேடையில் இருந்த கீபோர்டு ஸ்டோர் கீப்பருடையது. அந்த ஆளுக்கு அங்கே 'சங்கீதம்' என்றுதான் பெயர். விழா மேடையைப் பட்டா போட்டு வாங்கியவர்போல நடந்துகொள்வார்.

ஸ்பீக்கரில் முன்பே பதிவு செய்த தாளமும் வயலினும் ஓடின. வெல்டர் விரல் வைத்த இடமெல்லாம் அபஸ்வரம். மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் அவர் மனைவி தலையைத் தொங்கப்போட்டாள். சங்கீதம் மைக்கை வாங்கி, "இரும்பு ஒட்டும், இசை ஒட்டாது வெல்டரே" என்றார். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

மறுவாரம், மேடையில் பாட்டு ஓடவிடுகிற எலெக்ட்ரீஷியன் விஷயத்தைப் போட்டு உடைத்தார். வெல்டர் படியேறும்போது சங்கீதம் சுருதி மாற்றுகிற பட்டனை இரண்டு தரம் அமுக்கியதைக் கண்ணால் பார்த்தாராம். எந்தக் கட்டையைத் தொட்டாலும் ஒலி இரண்டு கட்டை ஏறித்தான் வரும். வயலின் ஒரு பக்கம், வெல்டர் ஒரு பக்கம். தன் மேடையில் இன்னொருவன் ஏறியது அந்த ஆளுக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

வெல்டர் ஸ்டோருக்குப் போய்ச் சட்டையைப் பிடிக்கவில்லை. சட்டையைப் பிடித்தால் ஒரு நாளோடு போய்விடும். அந்த ஆள் அதே மேடையில் நாற வேண்டும்.

எண் ஒட்டிய காகிதங்களைக் கிழித்துப் போட்டார். அந்தத் தீமின் ஸ்வரங்கள் அச்சடித்த தாள் ஒன்றைத் தேடிப் பிடித்தார். சாக்கட்டியால் இரும்புத் தகட்டில் எழுதிவைத்து, வெல்டிங் ராடு மாற்றும்போதெல்லாம் முணுமுணுத்தார். க ம ப, ப த ம, க ரி ச. பக்கத்து ஆட்கள் வெல்டருக்குப் புகை தலைக்கேறிவிட்டது என்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெங்காயம் நறுக்கிக்கொண்டே மனைவியும் கூடப் பாடினாள். அவள் குரலும் கீபோர்டும் சேரவில்லை. தப்பாகப் பாடுகிறாள் என்று வெல்டர் எரிந்து விழுந்தார்.

"நான் சரியாத்தான் பாடறேன். நீங்க ஒரே கட்டையில ச-வ வெல்டு அடிச்சு வெச்சிருக்கீங்க. நகத்துங்க. அது எங்க உக்காருதோ, மத்ததெல்லாம் பின்னாலயே வரும்."

நகர்த்தினார். சேர்ந்தது. அன்றிலிருந்து, வெள்ளையும் கறுப்புமாகப் பன்னிரண்டு கட்டையிலும் ச-வை உட்கார வைத்துப் பழகினார். ஒன்று போதாதா என்று மனைவி சலித்துக்கொண்டாள்.

"அவன் எத்தனை தரம் அமுக்குவான்னு எனக்குத் தெரியாதே."

இந்த வருஷமும் பெயர் கொடுத்தார். சங்கீதம் வாயெல்லாம் பல்லாக வரவேற்று, கீபோர்டை அவரே துடைத்தும் கொடுத்தார்.

முதல் வரி வயலினோடு முட்டிக்கொண்டது. சிரிப்பு கிளம்பியது. வெல்டர் நிறுத்தவில்லை. காது கொடுத்துக் கேட்டார். அதே இரண்டு தரம்தான். கையை இரண்டு கட்டை கீழே இருந்த கறுப்புக் கட்டைக்கு இறக்கி, அங்கே ச-வை வைத்தார். இரண்டாவது வரி வயலினோடு பிசிறில்லாமல் ஒட்டியது. சிரித்தவர்கள் வாயை மூடினார்கள். முடித்தபோது மண்டபமே கை தட்டியது.

அவர் இறங்கவில்லை. மைக்கை எடுத்து, அடுத்ததாக இதே தீமைச் சங்கீதம் வாசிப்பார், பட்டனைத் தொடாமல் வாசிப்பார் என்று அறிவித்தார். காய்ப்புக் காய்த்த இடது உள்ளங்கையைப் பட்டன்கள் மேல் கவிழ்த்து வைத்தார். எலெக்ட்ரீஷியன் பாட்டை மறுபடி ஓடவிட்டார்.

அத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சங்கீதம் உட்கார்ந்தார். அவர் விரலுக்குத் தெரிந்தது ஒரே பாதை. வெள்ளையில் ஆரம்பித்து வெள்ளையிலேயே முடிகிற பாதை. முதல் வரி இடறியது. இரண்டாவது வரியில் கறுப்புக் கட்டையைத் தேடிப் போய், எது ச என்று தெரியாமல் விரல் கண்ட கட்டையில் விழுந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

"கைய எடுய்யா" என்றார் அடிக்குரலில்.

"போன வருஷம் நான் மூணு நிமிஷம் நின்னேன். உங்களுக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் பாக்கி இருக்கு. வாசிங்க."

முன்வரிசையிலிருந்து மனைவி போதும் என்று கை காட்டினாள். வெல்டர் அவளைப் பார்த்தார். பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டார். வயலின் ஓய்கிறவரை அந்த உள்ளங்கை அசையவே இல்லை.