ஊறப் போட்ட படகு

பேய்னா ராத்திரி பன்னெண்டு மணிக்குத்தான் வரும்னு யாரு சட்டம் போட்டது? இது பட்டப்பகல்ல நடந்தது. 1967, ஆடி மாசம். ஸ்ரீரங்கத்துல அம்மா மண்டபத்துக்குக் கொஞ்சம் மேற்கே, காவிரிக் கரையில ஒரு தகரக் கொட்டகை. நடந்தது எங்க அக்கா புருஷன் இருதயநாதனுக்கு. பாலக்கரைக்காரர். குடிக்க மாட்டார், ஞாயித்துக்கிழமை சர்ச் பூசையைத் தவற விட மாட்டார். பொய் சொன்னா காது செவந்துடும் அவருக்கு. இதைச் சொல்றப்போ செவக்கலை, நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன். நம்பாதவங்க இப்பவே எழுந்து போகலாம்.

மச்சான் படகுத் தச்சர். ஆத்தைப் பாத்துக்கிற கவர்மெண்ட் ஆபீஸ்ல பதினோரு வருஷமா தினக்கூலி. மழை பெஞ்சா கூலி இல்லை, காய்ச்சல் வந்தா கூலி இல்லை. அந்த வருஷம்தான் மெட்ராஸ்ல இருந்து புதுசா ஒரு ஃபைபர் படகு வந்து எறங்குச்சு. ஆடிப் பதினெட்டுக் கூட்டத்துல யாராவது ஆத்தோட போனா காப்பாத்துறதுக்கு. ஓவர்சியர் மச்சானைக் கூப்பிட்டார். "இருதயநாதா, பதினெட்டாம் பெருக்குக்கு இந்தப் படகு ஓடணும். ஓடுச்சுன்னா உனக்கு நிரந்தர வேலை, ஆர்டர் டைப் அடிச்சு ரெடியா இருக்கு. ஓடலேன்னா மறுநாள்லேர்ந்து வராதே."

இதுல மச்சான் பண்ணின காரியத்தை என்னன்னு சொல்றது! மரப் படகு புதுசா வந்தா ரெண்டு மூணு நாள் தண்ணியில முக்கி ஊறப் போடுவாங்க. பலகை ஊறி உப்பி, சந்தெல்லாம் தானா அடைஞ்சுக்கும். அதே பழக்கத்துல இந்த ஃபைபர் படகையும் ஜூன் 27, செவ்வாய்க்கிழமை காலையில, கழுத்தளவுத் தண்ணியில முக்கிப் போட்டுட்டார். வெள்ளிக்கிழமை தூக்கினார். ஃபைபர் எங்கேய்யா ஊறும்? ஊறலை. ஆனா தண்ணி குடிச்சுடுச்சு. படகோட அடியில, நடுவுல, நீளமா முதுகெலும்பு மாதிரி ஓடுற ஏராக் கட்டை இருக்கே, ஃபைபர்ல அது உள்ளே வெறும் கூடு. மேல்தளத்துல இருந்த ஒரு மயிரிழை விரிசல் வழியா அதுக்குள்ள தண்ணி எறங்கி உக்காந்துக்கிச்சு. ஒரு மாசம் கொட்டகையில கிடந்துட்டு, ஜூலை 28 வெள்ளிக்கிழமை வெள்ளோட்டம் விட்டப்போ பின்பக்கம் அமுங்கி, படகு கர்ப்பிணி மாதிரி நடந்துச்சு.

மறுநாள் சனிக்கிழமை காலை பத்தேகால். விரிசலைப் பசை போட்டு அடைச்சாச்சு. படகை முட்டுக்கட்டை மேல ஏத்தி, ஏராவோட பின்கோடியில கைத்துரப்பணத்தால ஒரு ஓட்டை போட்டார். கட்டைவிரல் நுழையுற அளவு. தண்ணி கொட்டுச்சு. ரெண்டரை வாளி.

"தங்கையா, இந்தக் கூட்டுக்குள்ள ஒரு வாளிதானேய்யா கொள்ளும்?"

தங்கையன் கொட்டகைக் காவக்காரர். "எனக்கென்னண்ணே தெரியும்?"ன்னு சொல்லிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டார். அன்னிக்குப் பூரா ஓட்டையைத் திறந்தே வச்சு, சாயங்காலம் தக்கை அடிச்சுட்டு மச்சான் வீட்டுக்குப் போனார்.

திங்கக்கிழமை காலை. படகு முட்டுக்கட்டை மேலதான் இருக்கு. ஆறு நாளா ஒரு சொட்டு மழை இல்லை. பின்பக்கத்தைத் தூக்கிப் பாத்தார். அசையலை. தக்கையைப் பிடுங்கினார். கொட்டுச்சு. ரெண்டரை வாளி.

"எந்த வழியாடா வந்தே?"ன்னு தண்ணியைப் பாத்துத் திட்டினார். அங்குலம் அங்குலமாத் தடவினார், ஒரு ஓட்டை கிடையாது. பாதுகாக்க ஆள் இருக்கு, கொட்டகை பூட்டியிருக்கு. எவனோ வேணும்னே ஊத்துறான்னு சந்தேகம். அன்னிக்கு ராத்திரி தக்கை மேல அரக்கு உருக்கி ஊத்தி, தன் கட்டைவிரல் ரேகையைப் பதிச்சுட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை ரேகை அப்படியே இருந்துச்சு. அரக்கை உடைச்சார். ரெண்டரை வாளி. தகரம் அனலாக் கொதிக்குது, தண்ணி மட்டும் ஐஸ் மாதிரி. அதுல மஞ்சள் வாசனை. பூசிக் குளிக்கிற மஞ்சள்.

மச்சானுக்கு அழுகையே வந்துடுச்சு. பயத்துல இல்லை. ஆத்திரத்துல! பதினோரு வருஷம். நாள் இன்னும் ரெண்டு. ஓவர்சியர் வந்து எட்டிப் பாத்துட்டு, "என்னய்யா, படகுக்கு நீர்க்கோவையா?"ன்னு நக்கல் வேற அடிச்சுட்டுப் போனார். எங்க அக்கா சகாயம்மா கொடுத்து விட்ட சோத்துத் தூக்கைத் திறக்கக்கூட இல்லை அவர்.

புதன்கிழமை. மறுநாள் பதினெட்டாம் பெருக்கு. மதியம் ரெண்டு மணிக்குத் தங்கையன் டீ குடிக்கக் கிளம்பிட்டார். கொட்டகையில மச்சான் ஒருத்தர்தான்.

ரெண்டு இருபது. ரெண்டரை வாளியும் கொட்டி முடிஞ்சுது. கடைசிச் சொட்டு விழுந்துச்சு. டப்.

மச்சான் குனிஞ்சு ஓட்டைக்குள்ள பாத்தார். கருப்பா இருந்துச்சு. ஈரம் இருக்கான்னு பாக்கக் கட்டைவிரலை உள்ளே விட்டார்.

உள்ளே காத்து இழுத்துச்சு.

விரலை எடுக்கப் பாத்தார். வரலை. இழுத்தார். வரலை. உள்ளேயிருந்து எதுவோ விரலைச் சப்பி இழுக்குது... விட்டு விட்டு... மூச்சுக்குத் தவிக்கிற மாதிரி...

"மாதாவே..."

கத்தினார். வெளியே ஆத்துச் சத்தத்துல யாருக்கும் கேக்கலை. தோள் வரைக்கும் குளிர் ஏறுச்சு.

ரெண்டு இருபத்தஞ்சு.

பயமும் ஆத்திரமும் ஒண்ணா முட்டிக்கிட்டு வந்துச்சு. காலால படகை எத்தினார்.

"என் பொழப்பைக் கெடுக்கவே வந்தியா? வெளிய வந்து தொலையேன்!"

விரல் விட்டுச்சு.

மச்சான் மல்லாந்து விழுந்தார்.

ஓட்டையிலேர்ந்து தண்ணி வரலை. மூச்சு வந்துச்சு.

ஹாஆஆஆ...

ரொம்ப நேரம் முங்கிக் கிடந்து எழுந்தவங்க விடுவாங்களே, அந்த மூச்சு. நீளமா. நிக்காம.

அவர் முகத்துல பட்டுச்சு.

ஈரமா.

அப்புறம் ஒண்ணுமில்லை.

தங்கையன் டீயோட வந்தப்போ மணி மூணு. மச்சான் தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். படகோட பின்பக்கத்தை ஒத்தைக் கையால தூக்கிப் பாத்தார். காத்தா இருந்துச்சு. ஓட்டையைப் பசை போட்டு அடைச்சார். பதினெட்டாம் பெருக்கன்னிக்குப் படகு ஜம்முனு மிதந்துச்சு. ஓவர்சியர் கரையிலேயே ஆர்டரைக் கொடுத்தார். அக்கா அதை மாதா படத்துக்கு முன்னாடி வச்சுக் கும்பிட்டுச்சு.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நிரந்தர வேலையில முதல் நாள். ஒன்பது மணிக்கு ஓவர்சியர் கூப்பிட்டு அனுப்பினார். புது வெள்ளம் மணலை அரிச்சு, அடியிலேர்ந்து ஒரு சடலம் கிளம்பியிருக்கு, போய்க் கட்டி இழுத்துட்டு வான்னார். அதே படகுல மச்சானும் தங்கையனும் போனாங்க. இடத்தைப் பாத்ததும் மச்சானுக்குத் துடுப்பு ஓடலை. ஜூன் மாசம் படகை முக்கிப் போட்டாரே, அந்த இடம். அன்னிக்குத் தூக்கினப்போ அடியில வெறும் மணல்தான் தெரிஞ்சுது.

பேரு வேலம்மாள். மேலூர்ப் பக்கத்துப் பொண்ணு. ஜூன் 27ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, பகல் ஒரு மணிக்கு மாமியாரோட சண்டை போட்டுக்கிட்டு ஆத்துக்குக் குளிக்கப் போயிருக்கு. திரும்பி வரலை. கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்கு மண்ணச்சநல்லூர் போயிடுச்சுன்னு மாமியார் வீட்ல சும்மா இருந்துட்டாங்க. அம்மா வீட்ல, புருஷன் வீட்லதான் இருக்குன்னு நெனச்சுட்டாங்க. அஞ்சு வாரமா யாரும் தேடலை.

கரைக்குக் கொண்டு வந்து போட்டதும் தங்கையன் தலையில அடிச்சுக்கிட்டு உக்காந்துட்டார். படகை முக்கிப் போட்ட அன்னிக்குக் கரையில காவல் இருந்தது அவர்தான்.

"அண்ணே... அன்னிக்கு மதியம் தண்ணிக்கடியில படகு டொக்கு டொக்குனு தட்டுச்சுண்ணே. பத்து நிமிஷம் தட்டுச்சு. கரையில உக்காந்து கேட்டுக்கிட்டேதாண்ணே இருந்தேன்."

"ஏன்யா எறங்கிப் பாக்கலை?"

"பலகை ஊறுற சத்தம்னு நெனச்சேண்ணே..."