வெல்ஃபேரும் ஃபேர்வெல்லும்

கீழ் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, ஆபீசில் ஆங்கில அகராதி புரட்டுகிற ஒரே ஆள் நான்தான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அங்கே ஒரு வழக்கம். தொழிலாளி ஓய்வு பெற்றால் மேடையில் சால்வை, சுவர்க் கடிகாரம், கைதட்டல் எல்லாம் உண்டு. அதே மேடையில் அவர், லயம் என்கிற தோட்டத்து லைன் வீட்டின் சாவியை மானேஜர் துரையிடம் ஒப்படைத்துவிட வேண்டும். கடிகாரத்தை இனி எந்தச் சுவரில் மாட்டுவது என்று யாரும் கேட்டதில்லை. ஏற்பாடெல்லாம், தொழிலாளர் நலத்துக்கென்றே நியமிக்கப்பட்ட வெல்ஃபேர் ஆபீசருடையது.

அந்த ஐப்பசியில் ஓய்வு பெற்றவர், இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து இங்கே கொழுந்து பறித்த ஓர் அம்மாள். பிள்ளைகள் இல்லை, போக இடமும் இல்லை. மழை முடியும்வரை வீட்டில் இருக்கவிடச் சொல்லி ஆபீசரிடம் நடையாய் நடந்தார். ஆபீசரோ விழாப் பேச்சுத் தயாரிக்கும் மும்முரத்தில் இருந்தார்.

“ஏனுங்க, வெல்ஃபேரு, ஃபேர்வெல்லு ரெண்டும் ஒரே மாதிரி கேக்குதுங்களே, என்னங்க வித்தியாசம்?” என்று ஆபீசர் என்னிடம் கேட்டார்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. விளக்கித் தள்ளினேன். பழைய ஆங்கிலத்தில் ‘ஃபேர்’ என்றால் பயணம் போவது. பஸ்ஸில் கொடுக்கிற ஃபேரும் அதே வம்சம்தான். ‘வெல்’ என்றால் நன்றாக. ஒருவர் பிழைப்பு நன்றாகப் போனால் வெல்ஃபேர். நன்றாகப் போய் வா என்றால் ஃபேர்வெல். ஆபீசர் அசந்துபோய், இதை என்னையே மேடையில் பேசச் சொன்னார்.

பேசினேன். தமிழிலும், தமிழ் தெரியாத வடநாட்டுத் துரைக்காக ஆங்கிலத்திலும். அம்மாளும் கவனமாகக் கேட்டார். பிறகு முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

“நல்லா போகச் சொல்றீங்க தம்பி, எங்கன்னு சொல்லலியே. இந்த மழை முடியிற மட்டும் லயத்துல இருந்துக்கிறேன்னு தொரைகிட்ட கேட்டுச் சொல்லுங்க.”

என்ன சொல்கிறார் என்று துரை என்னைக் கேட்டார். ஆபீசர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இரண்டு சொற்களின் பூர்வீகத்தையும் கரைத்துக் குடித்திருந்த எனக்கு, அந்த ஒரு வேண்டுகோளை ஆங்கிலத்தில் சொல்ல வாய் வரவில்லை. நன்றி சொல்கிறார் என்றேன்.

துரை சிரித்தபடி சாவிக்குக் கை நீட்டினார். அதுதான் பதில் என்று நினைத்த அம்மாள் அதை அந்தக் கையில் வைத்தார். எல்லோரையும்விட நான்தான் பலமாகக் கைதட்டினேன்.