மேற்கால ஓடுகிற ஆறு

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்று வளர்த்தது நான்கு, செத்துப்போன கொழுந்தன் பிள்ளையையும் சேர்த்தால் ஐந்து. ஐந்தும் அவரவர் சோற்றை அவரவர் சம்பாதித்துச் சாப்பிடுகிறார்கள். எனக்கு எழுத்துக் கூட்டி பஸ் போர்டு படிக்க வரும். எழுதக் கை ஓடாது. மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள், நான் சொல்கிறேன்.

அமெரிக்காவில் சின்ன மகன் வீட்டில் ஒரு பிரசவம் பார்த்துவிட்டு அண்ணனூருக்குத் திரும்பியதிலிருந்து, எங்கள் தெரு அடுக்குமாடிப் பெண்கள் என்னை விடுவதில்லை. "பெரிய பெரிய பில்டிங் எல்லாம் பாத்தீங்களா பாட்டி?" என்பார்கள். பார்க்கவில்லை. அந்த ஊரில் உயரமானவை இரண்டுதான். ஒன்று மாதா கோயில் கூம்பு, இன்னொன்று தண்ணீர்த் தொட்டி. சாயங்காலம் பூந்தமல்லி பஸ் நிலையத்தில் நிற்கும் கூட்டம்கூட அந்த ஊரில் இருக்காது என்றேன். "அப்ப அது அமெரிக்காவே இல்ல" என்று ஒருத்தி முடித்துவிட்டாள். இவளோடு என்ன பேசுவது.

ஊருக்கு நடுவே ஒரு ஆறு. இரண்டு கரையிலும் மர வீடுகள். ஒரே கடைத்தெரு, அதில் பாதி கடைகள் மூடிக் கிடக்கும். அதைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய வரை மக்காச்சோளக் கொல்லை. நான் போனபோது அறுத்துவிட்டு அடித்தட்டையோடு போட்டிருந்தார்கள். தெருவில் ஆளே இருக்காது. நடப்பது நாய், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் என்னை ஆற்றங்கரையில் இருக்கும் பழைய ரயில் ஷெட்டுக்குக் கூட்டிப்போனான். அங்கே ரயில் பெட்டி செய்தார்களாம். இப்போது வேலை இல்லை, சுவர் முழுக்கப் படம் மாட்டிக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் அண்ணனூர் ஷெட்டில் பெட்டிகளுக்கு அடியில் படுத்தே காலம் கழித்தவர். எனக்கு அந்த எண்ணெய் வாசனை தெரியும். ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் ஒருவர் வந்து, ஒவ்வொரு படமாகக் கைகாட்டி, வெகுநேரம் பேசினார். முடித்ததும் நான் மகனைப் பார்த்தேன்.

"இன்னாடா சொன்னாரு?"

"ஷெட்ட மூடிட்டாங்களாம்மா."

"அவ்ளோ நேரம் பேசினாரே."

"அவ்ளோதாம்மா. கெளம்பு, பார்க்கிங் டைம் முடியுது."

முதல் சுவரைத்தான் பார்த்திருந்தேன். கப்பலேறி வந்தவர்கள் தொப்பியோடு வரிசையாக நிற்கும் படம், ஆற்றில் மரம் மிதக்கவிட்ட படம். மற்ற மூன்று சுவரும் அப்படியே நின்றுவிட்டன. இவனோடு போனால் பார்க்க முடியாது, தனியாகத்தான் வரவேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். படத்துக்கு இங்கிலீஷ் எதற்கு?

எங்கள் குடும்பத்தில் வழி சொல்வது திசை வைத்துத்தான். ரயில் கேட்டுக்கு வடக்கால, கொல்லைக்கு மேற்கால என்போம். அன்று ஷெட்டுக்குப் போகும்போது சாயங்கால வெயில் கார் முன்கண்ணாடியில் நேராக அடித்தது. ஆக ஷெட் வீட்டுக்கு மேற்கால, ஆற்றை ஒட்டியே போனால் வரும். இது எனக்குப் போதும்.

மகன் ஆபீஸ் போனபிறகு ஒருநாள் சாப்பிட்டுவிட்டு, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த மருமகள், "தனியாவா அத்தை?" என்றாள். ஷெட்டு வரைக்கும்தான் என்று சொல்லிவிட்டே போனேன்.

அந்தத் தெருக்கள் நத்தை ஓடு மாதிரி சுற்றும். ஆற்றங்கரைக்கு வந்தபோது திசை கலைந்துவிட்டது. வானம் முழுக்க மேகம். சரி, ஆறு இருக்கிறதே என்று தண்ணீரைப் பார்த்தேன். கூவமானாலும் கொசத்தலையானாலும், நான் அறிந்த ஆறு கிழக்கால போய்த்தான் கடலில் விழும். அப்படியானால் மேற்கு, தண்ணீருக்கு எதிர்ப்பக்கம். எதிர்த்து நடந்தேன். வீடுகள் குறைந்தன. தண்ணீர்த் தொட்டி வந்தது, அதுவும் முதுகுக்குப் பின்னால் போனது. முன்னால் சோளத்தட்டை. ஷெட்டைக் காணோம்.

அப்போது மேகம் கொஞ்சம் விலகி முதுகில் வெயில் பட்டது. மத்தியானம் தாண்டிய வெயில் முதுகில் பட்டால் முகம் கிழக்கு. அந்த ஆறு மேற்கால ஓடுகிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கால் வலித்தாலும் திரும்பி, தண்ணீர் போகிற பக்கமே நடந்து, ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கிழவர் என்னைப் பார்த்ததும் நாற்காலி போட்டார். இரண்டாவது சுவர்ப் பக்கம் திரும்பியிருப்பேன், வாசலில் மகனின் கார் வந்து நின்றது. மருமகள் ஆபீஸுக்குப் போன் போட்டிருக்கிறாள்.

"இன்னாமா நீ? போலீஸுக்குப் போன் பண்ண இருந்தேன்."

"நான் இன்னா திருடிக்கினா வந்தேன்?"

"தொலஞ்சி போயிருந்தா?"

"தொலையல. ஆறு மேற்கால ஓடுதுன்னு நீ ஏண்டா சொல்லல?"

"எது?"

"ஆறுடா. ஊட்டாண்ட ஓடுதே."

கதவு வழியாக எட்டிப் பார்த்தான். அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறான் என்று முகத்திலேயே தெரிந்தது. "எந்தப் பக்கம் ஓடினா இன்னாமா? கார்ல ஏறு."

"இத்தினி வருஷமா இந்த ஊர்ல கீற, ஆறு எங்க போவுதுன்னு தெரியாது. என்னைத் தொலஞ்சி போவேன்ற."

கிழவர் மகனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். நான் என்ன என்று கேட்கவே இல்லை. கேட்டாலும் இரண்டு வார்த்தையில் முடிப்பான்.

அன்றிலிருந்து யாரும் இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது என்று உத்தரவு. அந்த வீட்டுக்குச் சாவி கிடையாது, கதவில் நம்பர் அழுத்த வேண்டும். அந்த நம்பரை என்னிடம் சொல்லவே இல்லை. வெளியே போகலாம், திரும்ப உள்ளே வர யாராவது திறந்துவிட வேண்டும். ஐந்து பேரை வளர்த்தவள், கதவருகே நின்று மணி அடிப்பதா? போகாமலே இருந்துவிட்டு ஊர் திரும்பினேன்.

இப்போது மருமகள் வேலைக்குப் போகப்போகிறாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வா வா என்று மகன் தினமும் போன் செய்கிறான். வருகிறேன், முதலில் கதவு நம்பரைச் சொல் என்றேன். "நீ வாம்மா, வந்தப்புறம் பாத்துக்கலாம்" என்கிறான். இவன் அப்பாவும் முடியாது என்பதற்குப் பாத்துக்கலாம் என்றுதான் சொல்வார். நம்பர் வராமல் நான் விமானம் ஏறுவதாக இல்லை. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுகிறான், அதனால்தான் அவனுக்கு அனுப்ப இதை எழுதச் சொன்னேன்.

எங்கேடி, எழுதினதை முதலிலிருந்து படி. உன் மாமனுக்குக் கோபம் வரும் என்று எதையாவது குறைத்திருந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.