நீலத்தில் எழுதிய பூஜ்ஜியம்

ஒருமுறை மட்டும் சுட்ட பீங்கான் சாசரில் நாக்கை வைத்தால் அது லேசில் விடாது. ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு நாக்கைப் பிடித்திழுக்கும், பிய்த்தெடுக்கும்போது ‘பச்’சென்று ஒரு சத்தம் வரும், சாம்பலும் மண்ணும் கலந்த ஒரு ருசி வெகுநேரம் வாயிலேயே நிற்கும். விருத்தாசலத்தில் செராமிக் எஸ்டேட்டுக்குப் பின்னால் வளர்ந்த பிள்ளைகள் எல்லோருக்கும் இந்த ருசி தெரியும். பளபளப்புப் பூச்சு ஏறாத அந்தச் சாசருக்கு எஸ்டேட்டில் ‘பிஸ்கட்’ என்று பெயர். மற்ற பிள்ளைகள் நக்கிப் பார்த்ததோடு விட்டுவிட்டார்கள், நான் அதில் மார்க் போட ஆரம்பித்தேன்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. எங்கப்பா எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் சூளைக்குப் பொறுப்பு. அம்மா அதே கம்பெனியில் பிஸ்கட் சாசர்களைப் பூச்சுத் தொட்டியில் முக்கியெடுக்கிற வேலை. எங்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பைத்தியம் இருந்தது, அதற்குப் பெயர் ‘எஸ்டேட் டீம்’. சூளையில் வேலை பார்த்தவர்கள், காலேஜ் முடித்துச் சும்மா இருந்தவர்கள், மெக்கானிக் கடைக்காரர்கள் என்று பதினோரு பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்து ஆடினார்கள். ஊர் முழுக்க மட்டையும் கையுமாகத் திரிந்த காலத்தில் அவர்கள் மட்டும் பந்தை உதைத்ததே எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மறுநாள் காலையில், ஒரு பிஸ்கட் சாசரில் பதினோரு பேருக்கும் பத்துக்கு இத்தனை என்று பென்சிலால் மார்க் எழுதி, எஸ்டேட் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் பன் பாட்டிலுக்குப் பக்கத்தில் சாய்த்துவைப்பேன். அடுத்த ஆட்டத்தைப் பற்றிய என் அபிப்பிராயமும் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். பக்கத்து மங்களூர் கிராமத்துக்காரர்களுக்கு அறுப்பு நேரம், பாதிப்பேர் வரமாட்டார்கள், கெலித்துவிடலாம். வேப்பூர் மைதானம் ரோட்டோரம், பந்து லாரிக்கடியில் போனால் நம் பையன்கள் மனம் தளரக்கூடாது. மங்கலம்பேட்டைக்காரர்களுக்கு வெளிநாட்டிலிருந்து அண்ணன்மார்கள் முள் வைத்த பூட்ஸ் அனுப்புகிறார்கள், காலைப் பார்த்து ஆடவும். இப்படியெல்லாம் எழுத எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் பெரிய ஆட்கள் டீ கிளாசோடு நின்று படித்தார்கள். “இந்தப் பொண்ணு வாய்க்கு நாம ஆடறதே பெருசுடா” என்பார் கேப்டன் ராஜாமணி அண்ணன், தன் மார்க்கைப் பார்த்துவிட்டு.

இதில் ஒரு சௌகரியம் உண்டு. இரண்டு நாள் கழித்து அந்தச் சாசர் கம்பெனிக்கே திரும்பிவிடும். அம்மா அதையும் மற்றவற்றோடு வெள்ளைப் பூச்சில் முக்குவார், அப்பாவின் சூளையில் வெந்து வரும்போது பென்சில் எழுத்து இருந்த இடமே தெரியாது. யார் எத்தனை கேவலமாக ஆடியிருந்தாலும் வார முடிவில் எல்லோரும் சுத்தமாகிவிடுவார்கள்.

கோலி, அதாவது கோல் காக்கிறவர், அந்தோணி அண்ணன். அதே சூளையில் பாத்திரங்களை அடுக்குவதும் இறக்குவதும் அவர் வேலை. பத்துப் பதினைந்து சாசரை ஒரே பிடியில் தூக்கிக்கொண்டு நடப்பார், ஒன்றுகூட நழுவியதில்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், அதனாலேயே அவருக்கு மார்க் போடும்போது கொஞ்சம் கறாராக இருப்பேன்.

பொங்கலுக்கு முந்திய வாரம் வேப்பூரில் பொங்கல் கோப்பை செமிபைனல். அன்றைக்கு அந்தோணி அண்ணன் யாரிடமோ இரவல் வாங்கிய கையுறை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். என்றைக்கும் வெறுங்கையோடு நிற்கிறவருக்கு இதென்ன ஷோக்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது. இரண்டு பந்துகள் அவர் கைக்குள் வந்து, வந்த வழியே நழுவி உள்ளே போயின. மூன்று கோல் போட்டு எப்படியோ கெலித்துப் பைனலுக்கு வந்துவிட்டோம், ஆனால் என் ஆத்திரம் அடங்கவில்லை. மறுநாள் பென்சிலைத் தேடவில்லை. சாசரின் அடியில் கம்பெனி முத்திரை குத்துகிற நீல மையைத் தொட்டு, நடுவில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: ‘அந்தோணி 0’. ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரியவேண்டும் என்பது என் எண்ணம். மற்றப் பத்துப் பேரும் அன்றைக்கு எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

அவரும் டீக்கடையில் அதைப் பார்த்தார். “அடுத்த வாரம் பாத்துக்கலாம் பாப்பா” என்று எப்போதும்போல் சிரித்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை அம்மா வழக்கம்போல் அந்தச் சாசரையும் பூச்சில் முக்கினார். வாராவாரம் வருகிற கிறுக்கல்தானே என்று பென்சிலா மையா என்று பார்க்கவில்லை. வெள்ளைப் பூச்சு நீலத்தை மூடிவிட்டது. அந்தோணி அண்ணன் தன் கையாலேயே அதைச் சூளையில் அடுக்கினார்.

சனிக்கிழமை சூளை திறந்தார்கள். அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துக்கொண்டு போன நானும் அங்கே நின்றேன். கையில் துணி சுற்றிக் கட்டுக்கட்டாக இறக்கிக்கொண்டு வந்த அந்தோணி அண்ணன் ஓரிடத்தில் நின்றார். வெந்து கண்ணாடியாகிவிட்ட பூச்சுக்கடியில், சூளைத் தீயிலும் எரியாத அந்த முத்திரை மையில், அவர் பேரும் என் பூஜ்ஜியமும், இன்றைக்குத்தான் எழுதியது மாதிரி, அப்படி ஒரு நீலம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார்.

“பென்சில்ல போட்ட சைபரு ஒரு வாரத்துல போயிடும் பாப்பா. இத எங்க போயி அழிக்கிறது?”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாசரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை இறக்கப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பிராக்டிஸுக்கு அவர் வரவில்லை. மறுநாள் எங்கள் மைதானத்திலேயே மங்கலம்பேட்டையோடு பைனல். ராஜாமணி அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, “கோலிக்கு வேற ஆளே இல்லீங்க. அவரு வூட்ட வுட்டு வர மாட்டேங்கிறாரு” என்று அப்பாவிடம் சொன்னபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அம்மா என் பக்கம் திரும்பினார்.

“மார்க்கு போட்டியே, அந்தப் புள்ள கையப் பாத்தியாடி? ரெண்டு கையும் கொப்புளம். பூச்சுத் தொட்டிகிட்ட வந்து தண்ணி கேட்டப்பதான் நானே பாத்தேன்.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டே மிச்சத்தைச் சொன்னார். வேப்பூர் ஆட்டத்தன்று சூளை ஆறுவதற்கு மத்தியானம் ஆகியிருக்கும். பஸ்ஸை விட்டால் ஆட்டம் போய்விடும் என்று அந்தோணி கெஞ்சவும், அப்பா காலையிலேயே திறந்துவிட்டிருக்கிறார். சூட்டோடு சூடாகத் துணியைச் சுற்றிக்கொண்டு அத்தனையையும் இறக்கிவிட்டு, வெந்த கையை இரவல் கையுறைக்குள் மறைத்துக்கொண்டு அவர் பஸ் ஏறியிருக்கிறார். “தப்பு என்மேலதான். நான் தொறந்திருக்கக் கூடாது” என்றார் அப்பா. எனக்கு அழுகை வந்தது. அதுவரை எத்தனையோ பேருக்கு மார்க் போட்டிருக்கிறேன், ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அப்பாவோடு அவர் வீட்டுக்குப் போனேன். மருந்து தடவிய கைகளை முழங்கால்மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாசர் அலமாரியில் இருந்தது.

“ஒடச்சிடலாம்ண்ணா” என்றேன்.

“ஒடைக்காத. நல்லா வெந்திருக்குது” என்றார், சூளைக்காரர் புத்தி போகாமல்.

“கை வெந்துபோச்சுன்னு ஏண்ணா எங்கிட்ட சொல்லல?”

“உங்கிட்ட சொன்னா டீக்கடையில எழுதி வெச்சிடுவ. மங்கலம்பேட்டைக்காரங்க அங்க டீ குடிக்க வர மாட்டாங்களா?”

அப்பா சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நாளைக்கு வருவீர்களா என்று கேட்பதற்குள் அவரே சொன்னார், “விரலு மடங்குச்சின்னா வரேன். நீ போயி சாப்புடு.”

வந்தார். கோலுக்குப் பின்னால் உட்கார்ந்து அந்த ஆட்டம் முழுவதும் நான் பந்தைப் பார்க்கவில்லை, அவர் கையைத்தான் பார்த்தேன். உள்ளங்கை படாமல் முன்கையாலும் நெஞ்சாலும் முட்டியாலும் என்னென்னவோ தடுத்தார். கடைசியில் ஒரு உயரப் பந்தைப் பிடிக்கத்தான் வேண்டியிருந்தது. பிடித்தார், பிடி நிற்கவில்லை. ஒரு கோலில் தோற்றோம்.

மறுநாள் நான் சாசரைத் தொடவில்லை. இனி யாருக்கும் மார்க் போடுவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். வேலைக்குப் போகிற வழியில் அந்தோணி அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

“என்னா, டீக்கடையில ஒண்ணையும் காணல?”

“போட மாட்டேன்.”

“எனக்குப் போடு. போடலன்னா பாவம்னு வுட்ட மாதிரி ஆயிடும். எனக்கு அது வேணாம்.”

சாசரும் பென்சிலும் எடுத்துவந்து ஏழு என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். “ஏழு ஜாஸ்தி. அந்தப் பந்தப் புடிச்சிருக்கணும். ஆறு போடு.” அழித்துவிட்டு ஆறு போட்டேன். அதை அவரே எடுத்துக்கொண்டுபோய் டீக்கடையில் வைத்தார்.

இன்றைக்கு அந்த மைதானத்தில் குடோன்கள் நிற்கின்றன. டீம் எப்போதோ கலைந்துவிட்டது. என் மகள் சென்னையில் ஒரு கால்பந்துக் கிளப்புக்கு உயிரை விடுகிறாள்; ஆட்டம் முடிந்த நிமிஷமே அவளுடைய போன் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் புள்ளி வைத்து மார்க் காட்டிவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை கோல்கீப்பருக்கு ஐந்தரை. “அடுத்த மேட்ச்ல இவன உக்கார வைக்கணும்மா” என்றாள். இதை யார் போட்டது என்று கேட்டேன். “யாரும் இல்லம்மா, கம்ப்யூட்டரே போட்டுக்கும்” என்றாள். அந்தப் பையன் இது ஜாஸ்தி என்றோ கம்மி என்றோ யார் வாசலில் போய் நிற்பான் என்று எனக்குத் தெரியவில்லை.

மனசு கேட்காமல் அந்தோணி அண்ணனுக்குப் போன் போட்டேன். மருமகள் எடுத்துக் கொடுத்தாள். நலம் விசாரித்துவிட்டு, மங்கலம்பேட்டை பைனல் ஞாபகமிருக்கிறதா, அன்றைக்கு உங்களுக்கு ஆறு போட்டேனே என்றேன்.

“நானும் யோசிச்சிப் பாத்துட்டேன் பாப்பா” என்றார். “அஞ்சுதான் போட்டிருக்கணும் நீ.”